படத்துக்குத் தடையில்லை, போஸ்டரில்தான் சிக்கல்

கேள்வி: சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் உள்ள பெரிய ஓவியங்களை வைத்து 40 நிமிட ஆவணப்படம் ஒன்றைப் பரிசோதனை முயற்சியாக எடுத்திருக்கிறேன். பேட்டி, வர்ணனை எதுவும் இல்லை. சில காட்சிகளில் ஓவிய முகங்களைக் கணினியில் உருக்கி வழியவிட்டிருக்கிறேன். போஸ்டரிலும் ஓர் ஓவியத்தை முழுதாகப் போட்டேன். அதை வரைந்தவர் படத்தையே நிறுத்தச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: படத்தை நிறுத்த வேண்டியதில்லை. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைத் திரைப்படத்தில் சேர்ப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(u). ஓவியம் பின்னணியில் மட்டும்தான் வரவேண்டும் என்ற கட்டுப்பாடு நிரந்தரப் படைப்புகளுக்குக் கிடையாது. உங்கள் படம் முழுக்க ஓவியமாகவே இருக்கலாம். ‘நிரந்தரம்’ என்பதை எதிர்த்தரப்பு கிளப்பக்கூடும். வெயிலில் வெளுத்துப்போகும் பெயின்ட்தானே என்பார்கள். நாலு நாள் கண்காட்சிக்குக் கட்டிய பேனர் வேறு, சுவரிலேயே விட்டுவைக்க வரைந்தது வேறு என்று வாதாடலாம்.

போஸ்டர் கதை வேறு. அது திரைப்படம் அல்ல. பொது இடத்துச் சிற்பத்தைப் புகைப்படமாக வெளியிட விலக்குத் தரும் பிரிவு 52(1)(t), ஓவியத்தைச் சேர்க்கவில்லை. சட்டம் எழுதியவர்கள் சுவரோவியத்தை நினைத்தே பார்க்கவில்லை போலும்! மும்பைச் சுவரோவியம் ஒன்றை விளம்பரத்தில் காட்டிய காப்பீட்டு நிறுவனத்தின் மீதான வழக்கு 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்ததையும் மறக்காதீர்கள். போஸ்டரும் விளம்பரம்தான். மாற்றிவிடுங்கள், அல்லது எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்த உருகும் முகங்கள். படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்பைக் குலைத்தால் கேள்வி கேட்கும் உரிமை, பிரிவு 57இன்படி கலைஞருக்கு உண்டு. பதிப்புரிமையையே விற்றிருந்தாலும் இது அவரிடம்தான் இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவன் அரங்கின் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துச் சேதப்படுத்தியதற்காக, அதைச் செய்த சிற்பி அமர்நாத் சேகலுக்கு மத்திய அரசு 5 லட்சம் ரூபாய் தர 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது இந்தப் பிரிவின்கீழ்தான். உங்கள் படத்தில் சுவர் அப்படியேதான் இருக்கிறது, சரி. ஆனாலும் சிதைந்த உருவத்தையே அவர் வரைந்ததாகப் பார்ப்பவர் நினைத்தால் வம்பு. மாற்றம் உங்களுடையது என்று திரையிலேயே போடுங்கள், அவர் பெயரையும் சேர்த்து.

நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். ஓவியத்தை ஏற்பாடு செய்த அமைப்புக்கு உரிமையை எழுதிக்கொடுத்திருக்கிறாரா என்று அதிலேயே கேளுங்கள். கொடுத்திருந்தால் போஸ்டர் அனுமதிக்குப் போகவேண்டிய வாசல் அந்த அமைப்பு. அதுவரை இன்ஸ்டாகிராமில் இருக்கும் போஸ்டரை எடுத்துவிடுங்கள்.