பாஸ்வேர்டைக் கொடுத்தது நான்தான் என்று முதலில் எழுதுங்கள்

கேள்வி: நான் பொகவந்தலாவப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். 2021இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, என் பேங்க் ஆப்பின் பாஸ்வேர்டையும் நான் பாவித்த சிம்மையும் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அம்மாவின் மருந்துக்கும் பிள்ளைகளின் ஸ்கூல் செலவுக்கும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் 60,000, 45,000 என்று இரண்டு தடவை எனக்குத் தெரியாமல் காசு போயிருக்கிறது. கேட்டதும் சண்டை. சண்டைக்குப் பிறகும் ஒரு 30,000 போய்விட்டது. இப்போது ஆப்புக்குள் என்னால் போக முடியவில்லை. ஓடிபி அவர் போனுக்குத்தான் போகிறது. “சிம் என் பேர்ல இருக்கு, தர முடியாது” என்கிறார். பேங்க்கின் வாடிக்கையாளர் சேவைக்குப் பதினேழு தடவை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், கடைசியில் “உங்கள் போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்கிறார்கள். போன் கம்பெனியோ சிம்காரரைக் கூட்டி வரச் சொல்கிறது. கணக்கில் இன்னும் நான்கு லட்சத்துக்கு மேல் இருக்கிறது. இரண்டு கம்பெனிகள் மீதும் மன உளைச்சலுக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? கொழுந்தன் ஹேக் பண்ணிவிட்டதாகப் பொலிஸில் சொல்லும்படி வீட்டில் சொல்கிறார்கள். அக்கா மகன், தான் சித்தப்பா என்று கூப்பிடும் கொழுந்தனின் இமெயிலுக்குள் போய் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்கிறான். நான் என்ன செய்ய?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியது நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். கொழுந்தன் உங்கள் வீட்டுக்காரரிடம் பேசிய பேச்சு, போனில் சிங்களத்தில் கத்தியவர், மாமியார் எந்தப் பக்கம் நின்றார் என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். அதிலே உங்களுக்கு எவ்வளவு வேதனை என்று தெரிகிறது. ஆனால் வழக்குக்கு அது உதவாது.

உதவுவதும் கெடுப்பதும் ஒரே விஷயம்தான். அந்தக் கணக்கைத் திறக்க அவருக்கு அனுமதி கொடுத்தது நீங்கள். அந்த அனுமதி முடிந்துவிட்டது என்று பேங்க்குக்கு இன்றைக்கு வரைக்கும் நீங்கள் எழுத்தில் சொல்லவில்லை.

பதினேழு தடவை எடுத்தேன் என்கிறீர்கள். ஒரு தடவையாவது முறைப்பாட்டு இலக்கம் கேட்டு எழுதி வைத்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்தப் பதினேழு அழைப்பையும் நிரூபிக்க உங்கள் கையில் எதுவும் கிடையாது. பாஸ்வேர்டை வாடிக்கையாளர் வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அறிவிக்கும் வரைக்கும் நட்டம் அவருடையது என்று பேங்க்கின் நிபந்தனைகளில் எழுதியிருக்கும். கணக்குத் திறந்த அன்று அதில்தான் கையெழுத்து வைத்தீர்கள். அறிவித்த நாளுக்குப் பிறகு காசு போனால்தான் பேங்க்கின் கழுத்தைப் பிடிக்க முடியும். அந்த நாள் உங்களுக்கு இன்னும் வரவில்லை. நான்கு லட்சம் அங்கே கிடக்கும்போது என் முதல் பயம் இதுதான்.

இன்னொன்று. சிம் யாருடையது என்ற சண்டையை விட்டுவிடுங்கள். உங்கள் காசு அந்த சிம்மில் இல்லை, உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கிறது. அடையாள அட்டையும் பேங்க் புத்தகமும் கொண்டு கிளைக்கு நேரே போய், பழைய இலக்கத்தை நீக்கி, ஒன்லைன் வசதியை நிறுத்தும்படி படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும். அதற்குக் கொழுந்தனும் வேண்டாம், அவர் சிம்மும் வேண்டாம். நோர்வுட் டவுனில் சிம் விற்கும் குடைக்குக் கீழே அவர் தன் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கிய சிம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரில் உள்ளதை அவர் கையெழுத்து இல்லாமல் போன் கம்பெனி உங்களுக்கு மாற்றித் தராது. தராதது பிழையும் இல்லை. பேங்க்கும் நீங்கள் கொடுத்த இலக்கத்துக்குத்தான் ஓடிபி அனுப்புகிறது. ஆகவே மன உளைச்சல் வழக்கு நிற்காது. நான் அதை எடுக்க மாட்டேன், எடுக்கிறேன் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். “கொழுந்தன் ஹேக் பண்ணிவிட்டார் என்று சொல்” என்கிறார்கள் அல்லவா, அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் வழக்கைக் கொல்லப்போகிறது.

சில வருஷங்களுக்கு முன் மஸ்கெலியா பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். உங்களைப் போலவே வெளிநாட்டில் உழைத்தவர், உங்களைப் போலவே பாஸ்வேர்டைச் சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்தவர். என்னிடம் வருவதற்கு முன்பே பொலிஸில் முறைப்பாடு போட்டுவிட்டார். “யாருக்கும் பாஸ்வேர்ட் கொடுக்கவில்லை, எப்படிப் போனதென்றே தெரியாது” என்று வாக்குமூலம். யாரோ அப்படிச் சொன்னால்தான் பலமாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காசு எடுத்தவர் அவசரப்படவே இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்டதும் தன் போனை எடுத்தார். அந்தப் பெண் அனுப்பிய வட்ஸ்அப் குரல் பதிவு ஒன்று, பதினொரு விநாடி. அதில் அவரே எழுத்தெழுத்தாகப் பாஸ்வேர்டைச் சொல்கிறார், பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கூடக் கேட்கிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சொன்ன எந்த உண்மையையும் யாரும் நம்பவில்லை. ஒருவரைச் சிக்கவைக்கப் பொலிஸுக்குப் பொய்த் தகவல் கொடுப்பதும் தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு குற்றம். காசைக் கேட்க வந்தவர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்தார். ஒரு சதம் கூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். பாஸ்வேர்ட் கொடுத்ததைச் சொல்ல வெட்கம். நம்பிக் கொடுத்தேன் என்று சொன்னால் நம்மையே முட்டாள் என்பார்கள் என்ற பயம். சகோதரி, உங்கள் வழக்கின் பலமே அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. அம்மாவின் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று நம்பி ஒப்படைத்ததை அவர் தன் தேவைக்கு எடுத்தார் என்றால், அது நம்பிக்கை மோசடி. அதற்குத் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றமே இருக்கிறது. “நான்தான் கொடுத்தேன், இன்னதுக்கு என்றுதான் கொடுத்தேன்” என்ற வசனம் இல்லாமல் அந்தக் குற்றம் உருவாகாது. ஹேக் என்று சொன்ன நிமிஷமே அந்த வசனத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

மூன்றாவதாகப் போன 30,000 வேறு கதை. சண்டைக்குப் பிறகு “இனி என் கணக்கில் கை வைக்காதீங்க” என்று அவருக்கு வட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் அந்த நேரத்திலிருந்து அவருக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போனதற்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் வரும். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் யார் முன்னால் சொன்னீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். பழைய போன் உடைந்துவிட்டது என்கிறீர்கள். அதைக் கடையில் கொடுத்து மாற்றிவிடாதீர்கள், திருத்தவும் கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டப்படி அதிலுள்ள செய்திகள் சாட்சியமாகும். உடைந்த போனுக்கு ஆயிரம் ரூபாய் கழித்துத் தருகிறார்கள் என்று கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

பொலிஸுக்குப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பக்கத்து நிலையங்களில் பெரும்பாலும் வாக்குமூலத்தைச் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். நீங்கள் “குடுத்தேன், ஆனா இதுக்குக் குடுக்கல்ல” என்பீர்கள், அங்கே முதல் பாதி மட்டும் ஏறியிருக்கும். அல்லது “கொடுக்கவில்லை” என்றே ஏறியிருக்கும். வாசித்து விளங்காமல் கையெழுத்து வைத்துவிட்டு வருவீர்கள், ஒரு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் அது உங்கள் சொல்லாக வாசிக்கப்படும். தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. தமிழில் நீங்களே எழுதிய கடிதத்தோடு போங்கள், அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகனைக் கொஞ்சம் பக்கத்தில் கூப்பிட்டு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள். தம்பி, உங்கள் சித்தி நல்லவர், சித்தப்பா செய்தது பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவருடைய இமெயில் அவருடையது. பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், ஊகிக்க முடிந்தாலும், அவர் அனுமதி இல்லாமல் உள்ளே போனால் அதே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரைக்கும் சிறை இருக்கிறது. உங்களுக்கு இனித்தான் வேலை தேட வேண்டும். இப்படி ஒரு உதவியால், காசு எடுத்தவர் முறைப்பாட்டாளராகவும் காசை இழந்தவர் வீட்டுப் பையன் சந்தேகநபராகவும் மாறியதை நான் ஹட்டன் நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன்.

பேஸ்புக்கில் பேங்க்கின் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது, அவர்கள் உடனே பதில் போட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் கேட்ட அடையாள அட்டைப் படத்தையோ கார்ட் இலக்கத்தையோ அனுப்பவேண்டாம். அனுப்பிவிட்டீர்கள் என்றால் இதை வாசித்து முடிக்கவும் காத்திருக்காமல் கிளைக்குப் போங்கள்.

இனி, வழக்கா சமாதானமா என்ற கேள்வி. என் அபிப்பிராயம் சமாதானம். மொத்தம் 1,35,000 ரூபாய். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் தோட்டத்திலிருந்து பஸ் ஏற வேண்டும், அன்றைய நாள் சம்பளம் போகும், சட்டத்தரணிக்கும் கொடுக்க வேண்டும், அது வருஷக்கணக்கில் இழுக்கும். அவர் அடுத்த காம்பராவில், பக்கத்து அறையில்தான் இருக்கிறார், ஒரே தண்ணீர்க் குழாய். நீங்கள் பொலிஸுக்குப் போவதற்கு முன் அவர் பேச வருவார், போன பிறகு வரமாட்டார். அவர் நான்கு வருஷம் உங்கள் அம்மாவைப் பார்த்ததும் உண்மை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு மருந்துக்குப் போனது, எவ்வளவு அவருக்குப் போனது என்று பிரித்துக் காட்ட உங்களிடம் கணக்கும் இல்லை. அவருடைய சட்டத்தரணி நேரே அங்கேதான் கை வைப்பார்.

ஆனால் சமாதானத்திலும் ஒரு குழி இருக்கிறது. தோட்டத் தலைவர்மாரை வைத்துக் கோயில் வாசலில் பேசி, “காசைத் தந்தால் பொலிஸுக்குப் போகமாட்டேன்” என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். அந்த வசனத்தை ஒருபோதும் எழுதாதீர்கள். குற்றத்தை மறைக்கக் காசு வாங்கினார் என்று உங்கள் மீதே அதைத் திருப்ப முடியும். “இன்ன தொகை நான் கொடுக்க வேண்டியிருக்கிறது, மாதம் இவ்வளவு வீதம் இன்ன திகதிக்குள் கொடுப்பேன்” என்று மட்டும் அவர் எழுதட்டும். எழுத்தில்லாத கடனுக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும், எழுத்தில் இருந்தால் ஆறு வருஷம். இதையே உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கு முன்னால் செய்தால் இன்னும் நல்லது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபை அது, சட்டத்தரணி தேவையில்லை, இணக்கம் முறையாகப் பதிவாகும். அதே நாளில் சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கவும் கேளுங்கள். பேங்க்குக்கு அது வேண்டியதில்லை, ஆனால் உங்கள் வட்ஸ்அப்பும் குவைத் ஆட்களின் தொடர்பும் அந்த இலக்கத்தில்தானே இருக்கிறது. தரமாட்டேன் என்றால் அதற்காக இணக்கத்தை உடைக்க வேண்டாம். சிம் போகட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் வருவது திங்கட்கிழமை. உங்கள் அடையாள அட்டையில் புதிய சிம் ஒன்று வாங்குங்கள். பேங்க் புத்தகத்தில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் பெயர் எழுதியிருந்தால் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள், தோட்டத்து ஆட்களை இதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். கிளையில் பழைய இலக்கத்தை நீக்கும் படிவத்தோடு, இன்ன திகதியில் கொழுந்தனுக்குப் பாஸ்வேர்ட் கொடுத்தேன், இனி அவருக்கு எந்த அனுமதியும் இல்லை என்று தமிழில் எழுதிய கடிதத்தையும் கொடுங்கள். 2021 முதல் கணக்குக் கூற்று கேளுங்கள். மூன்று தொகையும் எந்தக் கணக்குக்குப் போனது என்று அதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கவுண்டரில் இழுத்தடித்தால் முகாமையாளரைக் கேளுங்கள். அவரும் எழுத்தில் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, 1935 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். ஆனால் அவர்களும் முதலில் பேங்க்குக்குக் கொடுத்த கடிதத்தைத்தான் கேட்பார்கள்.

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வரவேண்டாம். முத்திரை போட்ட அந்தப் பிரதியைக் காம்பராவில் வைக்காதீர்கள், அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள்.