நாத்தனாரின் டிசம்பர் கப்பல்

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் பாடசாலை ஆசிரியை. கணவர் வங்கியில் வேலை செய்கிறார். கல்யாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளைகள் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார், வருகிற டிசம்பரில் அங்கிருந்து புறப்படும் பெரிய உல்லாசக் கப்பலில் நான்கு இரவு போய் வருவோம், உங்கள் செலவில் பாதி என்னுடையது என்கிறார். அவர்களும் இரண்டு பிள்ளைகளோடு வருகிறார்கள். எனக்குக் கொள்ளை ஆசை. இவரோ, "அது பிள்ளைகுட்டிக்காரர்கள் போகிற கப்பல், நமக்கு அங்கே என்ன வேலை" என்கிறார். மாமியாருக்குக் கப்பல் என்ற சொல்லே பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் இவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போகலாமா?

பெயர் வேண்டாம், டிக்கோயா

பதில்:

தங்கச்சி, தாராளமாகப் போங்கள். ஆனால் டிசம்பரில் வேண்டாம். நாத்தனார் குடும்பத்தோடும் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. இந்தப் பெரிய கப்பல்களைக் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் கட்டுகிறார்கள். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் இருபது தட்டு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கென்றே அதில் ஒரு தனிப் பேட்டை இருக்கிறது. தண்ணீர்ச் சறுக்கு, ராட்டினம், எதற்கும் குறைவில்லை. படத்தைப் பார்த்தால் யாருக்கும் நமக்கு அங்கே என்ன வேலை என்றுதான் தோன்றும்.

ஆனால் கப்பல்காரர்கள் ஆள் எண்ணுகிற விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஐகானில் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 5,610 பேர். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 பேர். இடையில் வருகிற அந்த இரண்டாயிரம் பேர் யார்? சோபாவை விரித்தும், கூரையிலிருந்து இழுத்துவிடுகிற கட்டிலில் ஏறியும் படுக்கிற மூன்றாவது, நான்காவது ஆள். பெரும்பாலும் பிள்ளைகள். சிங்கப்பூரிலிருந்து போய்வந்திருக்கும் 'ஆந்தம்', 'ஓவேஷன்' மாதிரிக் கப்பல்களிலும் இதே கதைதான். அறைக்கு இருவர் என்றால் ஏறத்தாழ 4,200, நிரம்பி வழிந்தால் 4,900. ஆக, அறை கட்டியதும் கட்டணம் போட்டதும் சோடிக் கணக்கில்தான். (தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் இரண்டு பேர் காசு கட்ட வேண்டும், பாவம்.) பிள்ளைகள் அதற்கு மேல் ஏறுகிறவர்கள். பாடசாலை விடுமுறையில் ஏறுவார்கள், பாடசாலை தொடங்கினால் குறைந்துவிடுவார்கள்.

நுவரெலியாவை ஏப்ரல் சீசனில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிற கொழும்புக்காரர், அது எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். கிரகறி வாவிப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. அதே இடத்தில் சீசன் முடிந்த பிறகு போய்ப் பாருங்கள், குதிரைக்காரர் உங்களைத் தூரத்திலேயே கண்டு கூப்பிடுவார். கப்பலும் அப்படித்தான்.

நானும் இவரும் முதல் தடவை போனது ஒரு டிசம்பரில். கப்பலின் பெயர் வேண்டாம். விலை குறைவு என்று நீச்சல் தடாகத்துக்கு நேர் கீழே அறை எடுத்தோம். விடியற்காலை ஐந்தரைக்கு மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போடத் தொடங்குவார்கள். தேயிலைத் தோட்ட லயத்துத் தகரக் கூரையில் குரங்குக் கூட்டம் இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு நாள் லிஃப்டில் ஏறினோம். கையில் ஐஸ்கிரீம் ஒழுக நின்ற ஒரு பையன், அத்தனை பொத்தானையும் ஒன்றுவிடாமல் அழுத்திவிட்டு அடுத்த தட்டிலேயே இறங்கிப் போய்விட்டான். தட்டுக்குத் தட்டு கதவு திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டே நின்றோம். "இது பதுளைக் கோச்சி, எல்லா ஸ்டேசனிலும் நிற்கும்" என்றார் இவர். பொத்தான்களில் ஐஸ்கிரீம் பிசுபிசுத்தது. இப்போது சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை.

நான்கு வருஷம் கழித்து, பாடசாலைகள் நடக்கிற ஒரு மாதத்தில் அதே அளவுக் கப்பல் ஒன்றில் போனோம். காலை ஏழு மணிக்கு மேல்தட்டில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் போலச் சோடிகள். தள்ளுவண்டியில் தூங்குகிற ஒரு கைக்குழந்தையை மட்டும் தினமும் பார்த்தோம். அந்தப் பிள்ளையால் யாருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை.

இங்கேதான் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். ஆசிரியைக்குத் தவணை விடுமுறையை விட்டால் வேறு நாளே இல்லை, அதனால் கூட்டத்திலிருந்து தப்பவே முடியாது என்று நினைத்திருப்பீர்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை ஜூனிலும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும்வரையும். நம் இலங்கைப் பாடசாலைகளின் ஆகஸ்ட் விடுமுறையில் அவர்கள் வகுப்பில் இருப்பார்கள். தமிழ்நாட்டுப் பாடசாலைகளும் அதற்குள் தொடங்கிவிடும். சீனப் பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை என்பதால் கப்பல் வெறிச்சோடிக் கிடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் டிசம்பரோடு ஒப்பிடவே முடியாது. ஆகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய தினம், அதை ஒட்டிய சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை புறப்படுகிற மூன்று இரவுப் பயணத்தைவிட வாரத்தின் நடுவே ஓடுகிற நான்கு இரவுப் பயணம் அமைதியாக இருக்கும்.

சரி, நாத்தனார் விஷயம். அவர் ஏன் டிசம்பர் என்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும். அவருடைய பிள்ளைகளுக்கு விடுமுறை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான், மனசும் நல்ல மனசு. ஆனால் பாதிக் காசை அவர் போட்டால் நாளையும் அவரே குறிப்பார். கப்பல் ஏறிய இரண்டாம் நாள், "கொஞ்ச நேரம் மாமா அத்தையோட இருங்க, அம்மா இதோ வந்திடுறேன்" என்று தொடங்கும். அந்த 'இதோ' மத்தியானச் சாப்பாடு வரை நீளும். பிள்ளை இல்லாதவர்களுக்குக் கை சும்மாதானே இருக்கிறது என்று நம் குடும்பங்களில் ஓர் எண்ணம் உண்டு. கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, யோசிக்காமல் செய்வது. உங்களுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் உயிராக இருக்கலாம், ஆனால் இந்த நான்கு நாள் அதற்கில்லை. "அண்ணி, எனக்கு லீவு ஆகஸ்டில்தான் தோதுப்படும். நாங்கள் ரெண்டு பேரும் கப்பலில் போய்விட்டு வந்து உங்கள் வீட்டில் ரெண்டு நாள் தங்குகிறோம்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பாதிக் காசு அத்தோடு நின்றுபோனால் போகட்டும். நான்கு இரவை மூன்றாக்கினாலும் பரவாயில்லை.

இனி, கல்யாண வீட்டைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரி. அதை நான் மூன்று தடவை வாசித்தேன். உங்கள் கணவர் சத்தத்துக்குப் பயப்படவில்லை தங்கச்சி, ஒரு கேள்விக்குப் பயப்படுகிறார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவுடன் வருகிற அந்தக் கேள்வி கப்பலிலும் வந்துவிடுமோ என்று பார்க்கிறார். அப்படியானால் அவருக்குப் பெரிய கப்பல்தான் தோது. நாலாயிரம் பேர் இருக்கிற இடத்தில் காலையில் பார்த்த முகத்தை மாலையில் பார்க்கமாட்டீர்கள். சின்னக் கப்பலில்தான் இரண்டாம் நாளே எல்லாரும் எல்லாரையும் விசாரிப்பார்கள், நம் தோட்டத்தைப் போல.

சிங்கப்பூர்க் கப்பலில் நம் ஆட்களும் இருப்பார்கள். "எந்த ஊர்?" என்பது முதல் கேள்வி, "எத்தனை பிள்ளைகள்?" என்பது இரண்டாவது. பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில்தான் வரும். பல கப்பல்களில் முன்பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். அதனால் பதிவு செய்யும்போதே இரண்டு பேர் மேசை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி இருந்தால் பிந்தியதை எடுங்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள் முந்திய பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அப்படியும் யாராவது கேட்டால், எங்கள் குடும்பத்தில் ஒருத்தி சொல்கிற பதில் இருக்கிறது: "நாங்க ரெண்டு பேர்தான். உங்க பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?" அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவர்கள்தான் பேசுவார்கள், உங்களை மறந்துவிடுவார்கள். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், அந்த வலியை நான் பட்டு அறிந்தவள் இல்லை. ஆனால் அவள் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சோற்றைப் பிசைவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு நாள் தனியாக, சத்தம்தான் பிரச்சினையா வேறு எதுவுமா என்று கேளுங்கள். நான் எழுதியதைக் காட்டிக் கேட்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒரு மூலை கிட்டத்தட்ட எல்லாப் பெரிய கப்பலிலும் உண்டு. நான் மேலே சொன்ன ஆந்தம், ஓவேஷன் இரண்டிலும் 'சொலேரியம்' என்று கண்ணாடிக் கூரை போட்ட ஓர் இடம், தடாகத்தோடு. 16 வயதுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகளுக்கோ மூன்று வயதிலிருந்து தனிக் கிளப், அதனால் பகலில் பாதிப் பேர் கண்ணிலேயே படமாட்டார்கள். கப்பல் கரை தட்டுகிற நாளில் எல்லாரும் இறங்கி ஊர் பார்க்க ஓடுவார்கள், நீங்கள் இறங்காதீர்கள். அன்றைக்குக் கப்பலே உங்களுடையது. டிஸ்னி அட்வென்ச்சர் என்ற கப்பலும் சிங்கப்பூருக்கென்று வந்ததுதான், 6,700 பேர் வரை ஏற்றும். அதை நாத்தனார் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளையே ஏற்றாத கப்பல்களும் இருக்கின்றன. வர்ஜின் வொயேஜஸ், வைக்கிங் இரண்டும் 18 வயதுக்குக் கீழே ஏற்றுவதில்லை. ஆனால் அவற்றைப் பிடிக்கப் பெரும்பாலும் நாம் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ விசா எடுத்துப் பறக்க வேண்டும். ஆசிரியைச் சம்பளத்தில் அந்தப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம்.

அறை எடுக்கும்போது கப்பலின் வரைபடத்தைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தட்டாக இருக்கட்டும். பக்கத்து அறைக்கு நடுவில் கதவு உள்ளதை எடுக்காதீர்கள், அவை குடும்பங்களுக்கானவை. அந்தக் கதவு வழியே அடுத்த வீட்டுச் சண்டை முழுவதும் கேட்கும். ஆட்டம் குறைய வேண்டுமானால் நடுப்பகுதி, தாழ்ந்த தட்டு. ஹட்டன்–நுவரெலியா பஸ்ஸில் வாந்தி எடுக்காதவர் என்றால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. கட்டணத்துக்கு மேல் பணியாளருக்கென்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டொலர் வரை பிடிப்பார்கள். இரண்டு பேருக்கு நான்கு நாள் என்றால் 120 முதல் 160 டொலர். விளம்பரத்தில் இது சின்ன எழுத்தில் இருக்கும். கப்பல் தொடுகிற நாடுகளுக்கு நம் கடவுச்சீட்டில் விசா வேண்டுமா என்று காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். ஏறிய அன்றே ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்று காட்டுவார்கள், பெயர் சரிபார்ப்பார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற நம் பெரட்டு மாதிரிதான், துரை மட்டும் வெள்ளை உடுப்பில் இருப்பார்.

மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சனம் தலைமன்னார் வரை கோச்சியில் போய், இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்துக்கு ஏறியது. வழியனுப்பப் போனவர்கள் அழுத அழுகையில் அந்தக் கோச்சிக்கே அழுகைக் கோச்சி என்று பெயர் வந்தது. கப்பல் ஏறியவர்களை அவர் மறுபடி பார்த்திருக்கமாட்டார். திரும்பி வருகிற திகதியை அவர் கையிலேயே எழுதிக் கொடுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். பெட்டியில் நம்ம ஊர்த் தேயிலை ஒரு பைக்கட் வைத்துக்கொள்ளுங்கள். இருபது தட்டுக் கப்பலிலும் நூலில் கட்டிய பையை வெந்நீரில் தோய்த்துத்தான் தேத்தண்ணி என்று தருகிறார்கள். டிக்கோயாக்காரருக்கு அது வாயில் வைக்க விளங்காது.