சாணைக்கல் உதறுகிறதா? வெயிட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: வியாசர்பாடியில் வீட்டின் கீழ்த்தளத்தில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். 8 இஞ்ச் பெஞ்ச் கிரைண்டர், வெள்ளை, பச்சை, சாம்பல் என்று ஏழெட்டு கல், ஒரு பெட்டி கட்டிங் வீல், எல்லாம் மேஜைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். போன மழையில் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கல்லை மாட்டினாலும் மெஷின் உதறுகிறது. பேலன்ஸ் வெயிட் போட்டால் சரியாகுமா? கற்களை இனி எப்படி வைப்பது?

பதில்: கல்லின் எடையை எல்லாப் பக்கமும் சமமாக்கப் போடும் வெயிட் இப்போது வேண்டாம். வீட்டுப் பட்டறையில் கல் உதறினால் காரணம் பெரும்பாலும் அது கிடந்த இடத்திலோ மாட்டிய விதத்திலோதான் இருக்கும். அதைப் பார்க்காமல் வெயிட் போட்டால் இன்றைக்கு அடங்கிய கல் அடுத்த வாரம் மறுபடி ஆடும். அதைவிட மோசம், விரிசல் விட்ட கல்லைப் பேலன்ஸ் செய்துவிட்டு அதற்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பீர்கள்.

தண்ணீரில் கிடந்த கற்களை முதலில் பிரிப்போம். லேபிளில் 'ஏ 60 கே 5 வி' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். கடைசி எழுத்து 'வி' என்றால் சூளையில் சுட்ட விட்ரிஃபைடு கல், 'பி' அல்லது 'பிஎஃப்' என்றால் பிசின் மாதிரியான ரெசினால் பிடித்த கல். வெள்ளைக் கல்லும் பச்சைக் கல்லும் பெரும்பாலும் விட்ரிஃபைடுதான். அது உள்ளே முழுக்கத் துளை. தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், குடித்தது அடிப்பக்கம் இறங்கித் தங்கிவிடும். ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் தண்ணீர் விளிம்போரம் ஒரே பக்கமாகத் தேங்கியிருந்தாலே போதும், நிமிடத்துக்கு 2850 சுற்றில் அது சுமார் 4 கிலோ விசையோடு ஸ்பிண்டிலை, அதாவது கல் மாட்டும் தண்டை, இழுக்கும், அந்த இழுப்பு வினாடிக்கு 47 தடவை சுற்றிச் சுற்றி வரும். நீங்கள் பார்க்கிற உதறலில் ஒரு பகுதி இதுவாகவே இருக்கலாம்.

நல்ல தண்ணீர் பட்ட விட்ரிஃபைடு கல்லை நிழலில், காற்று படும்படி, தினமும் கொஞ்சம் திருப்பி வைத்துக் காயவிட்டு அப்புறம் தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்து அவசரமாகக் காய வைக்காதீர்கள். ஆனால் நம் பக்கத்து வெள்ளம் நல்ல தண்ணீராக வருவதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கல்லில் டீசல் வாடையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் துளைக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது, அந்தக் கல் வேண்டாம். ரெசின் கல்லும் கட்டிங் வீலும் வெள்ளத்தில் நனைந்திருந்தால் பேச்சே இல்லை, தூக்கிப் போடுங்கள். ரெசின் ஈரத்தில் பலம் இழக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. நனையாத கட்டிங் வீலிலும் நடு வளையத்தில் அச்சடித்த மாதம், வருடத்தைப் பாருங்கள், அது காலாவதித் தேதி. தூக்கிப் போடுகிற கல்லை உடைத்துவிட்டுப் போடுங்கள், முழுசாகக் காயலான் கடைக்குப் போனால் இன்னொருவர் வாங்கி மாட்டிவிடுவார்.

தட்டிப் பார்ப்பது இப்படி. காய்ந்த கல்லைத் துடைத்து, ஓட்டைக்குள் விரலையோ ஒரு கம்பியையோ விட்டுத் தொங்கவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியால், மேலிருந்து நேர்கீழாகக் கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் 45 டிகிரி தள்ளி, விளிம்பிலிருந்து ஓரிரு இஞ்ச் உள்ளே மெதுவாகத் தட்டுங்கள். பிறகு பாதி சுற்று திருப்பி மறுபடி. விட்ரிஃபைடு கல் கணீரென்று சொல்ல வேண்டும். டொக் என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல். ரெசின் கல் அவ்வளவு கணீரென்று கேட்காது, அதை இதோடு ஒப்பிட வேண்டாம். கடையில் வாங்கும்போது அங்கேயே தட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை, மாட்டும் முன் ஒரு தடவை. திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல் ஆலையே இருக்கிற ஊர் இது, சாணைக்கல் தெரிந்த கடைக்காரர் நீங்கள் தட்டுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள்.

இனி வைக்கிற முறை. தரையில் எதுவும் வேண்டாம், இடுப்புக்கு மேலே ஒரு அலமாரி. தடிமனான சாதாரண நேர்க் கற்களை நிற்க வைக்கலாம், உருளாதபடி இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, கல்லுக்குக் கல் மரத் தடுப்போ அட்டையோ வைத்து. கட்டிங் வீல் மாதிரி மெல்லிசானவை நேர்மாறு. நிற்க வைத்தால் நாளடைவில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும், அதனால் சமமான இரும்புத் தகட்டின் மேல் படுக்க வைத்து, மேலேயும் ஒரு தகடு வையுங்கள். கிண்ணம் மாதிரி இருக்கிற கப் வீலைத் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். கடல் காற்று நாள் முழுக்க அடிக்கிற ஊரில் ரெசின் வீல்களை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைப்பது நல்லது. பழையதை முன்னால் வைத்து அதை முதலில் தீருங்கள். கற்களுக்குப் பக்கத்தில் ஆயில் கேன் கூடாது.

உதறலுக்கு வருவோம். இரண்டு கல்லையும் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை ஓட்டுங்கள். அப்போதும் உதறினால் பேரிங்கோ ஷாஃப்ட்டோதான், கல் மேல் பழி இல்லை. மோட்டார் அமைதியாக ஓடினால் ஃபிளேஞ்சை, அதாவது கல்லை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தட்டை, பாருங்கள். பல கிரைண்டர்களில் அது மெல்லிய தகட்டை அழுத்திச் செய்தது. வெள்ளத்துக்குப் பிறகு அதில் துருப்பொட்டு ஏறியிருக்கும், ஒரு சின்னப் பொட்டு போதும் கல்லைச் சாய்க்க. சுத்தம் செய்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரிகிற மாதிரி ஆடினால் தெரிந்த லேத் பட்டறையில் முழு இரும்பில் ஒரு ஜோடி கடைந்து வாங்கிவிடுங்கள். இரண்டும் ஒரே விட்டம், கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இதற்குச் செலவு செய்வது வெயிட்டுக்குச் செய்வதைவிடப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. கல்லோடு வரும் பிளாஸ்டிக் புஷ் லொடலொடவென்று இருந்தால் கல் மையம் தள்ளி உட்காரும், அதையும் ஸ்பிண்டிலுக்குச் சரியான அளவில் போட்டுக்கொள்ளுங்கள். கல்லின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற காகித லேபிளைக் கிழிக்காதீர்கள், நனைந்து உரிந்திருந்தால் புதிய அட்டை வாஷர் வையுங்கள். கல் ஸ்பிண்டிலில் தானாக வழுக்கி ஏற வேண்டும். நட்டைப் பிடிப்பு வரும்வரை முடுக்கினால் போதும், பைப் போட்டு இழுத்தால் கல் உடையும்.

ஒன்று சொல்ல வேண்டும். 8 இஞ்ச் கல்லின் விளிம்பு 2850 சுற்றில் வினாடிக்குச் சுமார் 30 மீட்டர் ஓடும், லேபிளில் பொதுவாக 33 அல்லது 35 மீட்டர் வரை போட்டிருப்பார்கள். அதே மோட்டாரில் கவரைக் கழற்றிவிட்டு 10 இஞ்ச் கல் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது 37 மீட்டரைத் தாண்டிவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மாட்டியதும் கவர் போட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். அப்புறம் கல்லின் மேல்முகத்தைச் சீவும் கருவியான டிரெஸ்ஸர் பிடித்து விளிம்பை வட்டமாக்குங்கள், கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு. பாதிக்கு மேல் உதறல் இங்கேயே அடங்கிவிடும். மிச்சம் இருந்தால் நட்டைத் தளர்த்தி, ஃபிளேஞ்சு அப்படியே இருக்க, கல்லை மட்டும் கால் சுற்று திருப்பி முடுக்கிப் பாருங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால்தான் வெயிட். வெளிப்பக்க ஃபிளேஞ்சில் வட்டமாகக் காடி வெட்டி, அதில் நகரும் மூன்று ஒரே எடைக் கட்டிகள் இருக்க வேண்டும். கல்லையும் ஃபிளேஞ்சையும் ஒரு நேரான தண்டில் மாட்டி, லெவல் பார்த்து வைத்த இரண்டு வழவழப்பான இணைக் கம்பிகள் மேல் விடுங்கள். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். நேர் மேலே சாக்பீஸ் குறி போட்டு, அங்கே ஒரு கட்டி, மற்ற இரண்டையும் அதிலிருந்து இரண்டு பக்கமும் சம தூரத்தில் வையுங்கள். மறுபடி குறி மேலேயே நின்றால் அந்த இரண்டையும் சமமாகக் கொஞ்சம் குறியை நோக்கி நகர்த்துங்கள், குறி கீழே போனால் விலக்குங்கள். எப்படித் திருப்பிவிட்டாலும் விட்ட இடத்திலேயே நின்றால் முடிந்தது. மெஷினில் மாட்டி இன்னொரு தடவை லேசாக டிரெஸ் செய்யுங்கள், கல் ஒரு இஞ்ச் தேய்ந்ததும் கம்பி மேல் வைத்துத் திரும்பப் பாருங்கள்.