“ஆபத்து 18 சதவீதம் அதிகம்” என்று செய்தியில் வந்தால் என்ன அர்த்தம்?

100 பேரில் 18 பேருக்கு நோய் வரும் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆபத்து அதன் அளவில் 18 சதவீதம் கூடுகிறது, அவ்வளவுதான். தீப்பெட்டி 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனபோது உயர்வு 100 சதவீதம். கையிலிருந்து கூடுதலாகப் போனது ஒரு ரூபாய்.

2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை (சாசேஜ், பேக்கன் போன்றவை) தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 6 ஆகும். அதனால் சதவீதத்தைப் பார்த்ததும் “எதிலிருந்து எதற்கு?” என்று தேடுங்கள், அதைச் சொல்லாத செய்தியை நான் நம்புவதில்லை.

அப்புறம், புற்றுநோயை உண்டாக்குபவை என்று அந்த முகமை வைத்திருக்கும் ஒரே பட்டியலில் புகையிலையும் இந்த இறைச்சியும் இருப்பதால் இரண்டும் சம ஆபத்து என்பது தவறு: அந்தப் பட்டியல் சொல்வது ஆதாரத்தின் உறுதியை, ஆபத்தின் அளவை அல்ல.