24 பிட் வாங்கியும் பாட்டு ஏன் காதைக் குத்துகிறது?

கேள்வி: பழைய திரைப்பாடல் தொகுப்பு ஒன்றின் சி.டி. பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதையே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஹை-ரெஸ் பதிப்பாக அண்மையில் விலை கொடுத்துப் பதிவிறக்கினேன். முதலில் பளிச்சென்று இருந்தது. நாலைந்து பாட்டுக்குள் காது சலித்துவிட்டது. குறை என் கருவியிலா, காதிலா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இரண்டிலும் இருக்காது, பெரும்பாலும் மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடுமுன் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும் வேலையில்தான் இருக்கும். நீங்கள் குறிப்பிடும் எண்கள் கோப்பின் கொள்ளளவைச் சொல்பவை. அண்டா எவ்வளவு பெரிதானாலும் தண்ணீர் கலந்த பால் கெட்டியாகிவிடாது.

1982இல் விற்பனைக்கு வந்த சி.டி.யின் 16 பிட்டே ஏறத்தாழ 96 டெசிபல் டைனமிக் ரேஞ்சுக்கு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளிக்கு, இடம் தருகிறது. 24 பிட் கணக்குப்படி 144 டெசிபல். ஒலிப்பதிவுக் கூடத்தில் இது பெரிய வசதி, ஏனெனில் பாடகர் திடீரென உச்சத்துக்குப் போனாலும் ஒலி சிதையாதபடி அளவைத் தாழ்த்தி வைத்தே பதிவு செய்யலாம். வீட்டில் கேட்பதற்கு சி.டி.யின் அளவே தாராளம் என்பது என் கருத்து.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உரத்து ஒலிக்கும் பாட்டே முதலில் கவனத்தை இழுக்கும் என்பதால், 1990களிலிருந்து பல வெளியீடுகளில் ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரைக் கொண்டு உச்சங்களை நசுக்கி, மொத்த ஒலியையும் மேலே ஏற்றும் போட்டி வளர்ந்தது. தபேலாவில் விரல் விழும் அந்தக் கணத்தின் கூர்மைதான் இதில் முதலில் போகிறது. பிறகு பல்லவிக்கு முன் தனியாக வரும் புல்லாங்குழலும், எல்லா வயலின்களும் சேர்ந்து எழும் இடமும் ஒரே உரப்பில் நிற்கின்றன. 2008இல் மெட்டாலிக்கா ராக் இசைக்குழுவின் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பம் வந்தபோது, கடையில் விற்ற சி.டி.யைவிட ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் இருந்த வடிவம் குறைவாக நசுக்கப்பட்டிருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்துக் கொதித்தார்கள்.

இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் உங்கள் இரு பதிப்புகளையும் திறந்து பாருங்கள். சி.டி.யில் மேடு பள்ளமாக ஓடும் அலைவடிவம் புதியதில் தலை வெட்டிய பட்டையாகத் தெரிந்தால் காரணம் அதுதான். காதால் ஒப்பிடும்போது இரண்டின் உரப்பையும் முதலில் சமமாக்குங்கள். சில டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே நமக்குத் தெளிவு கூடியதாகப் படும், உங்களுக்குத் தோன்றிய பளிச்சும் அதுவாக இருக்கலாம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பேருந்தில் கேட்பவருக்கு நசுக்கிய ஒலி ஓரளவு உதவும், என்ஜின் இரைச்சலில் மெல்லிய இடங்கள் தொலையாது. கோத்தகிரியின் இரவு அமைதியில், தகரக் கூரையில் மழை கொட்டாத வரையில், அதற்குத் தேவையே இல்லை. பழைய சி.டி.யைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்ட்ரீமிங் செயலிகளில் உரப்பைச் சமப்படுத்தும் வசதியை அணைத்துவிட்டால் டைனமிக் ரேஞ்ச் கூடுமா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: கூடாது. அந்த வசதி பாட்டின் மொத்த அளவைத்தான் ஏற்றி இறக்குகிறது. ஏற்கெனவே நசுங்கிய உச்சத்தை மீட்கவும் முடியாது, நல்ல பதிவை வழக்கமாகக் கெடுப்பதும் இல்லை. ஸ்பாட்டிஃபை இயல்பாக வைக்கும் அளவு -14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் உரப்பை அளக்கும் அலகு); அதிலேயே விட்டுவிடுங்கள். மிக உரத்த தெரிவை மட்டும் தவிர்க்கவும், அங்கே செயலியே ஒரு லிமிட்டரைச் சேர்க்கிறது.