கலங்கல் தண்ணீரில் வலை விழுவது மீனுக்கு எப்படித் தெரிகிறது?

எண்ணூர் முகத்துவாரத்தில் வீச்சுவலை விழுவதற்குள் மீன் நழுவிவிடுகிறதே, அந்தக் கலங்கலில் அதற்குக் கண் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே கண் அதிகம் உதவாது. தண்ணீரின் அசைவை மீன் உடம்பாலேயே உணர்கிறது.

அடுத்த முறை காசிமேட்டில் கொடுவா வாங்கினால், செதில் சீவும் முன் பக்கவாட்டில் பாருங்கள். செவுள் மூடியிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடும். அந்த வரிசைச் செதில்களில் நுண்துளைகள். அடியில் திரவம் நிறைந்த குழாய். அதற்குள் கூழ்த் தொப்பி போட்ட மயிர்ச்செல்கள். தண்ணீர் அசைந்தால் தொப்பி சாயும், மயிர் வளையும், அயனிகள் உள்ளே பாயும், நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும். நம் உட்செவியில் இருப்பதும் இதே வகைச் செல்கள்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

தப்புவதற்கென்று மீனின் பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக மௌத்னர் செல் என்ற பெரிய நரம்புச் செல்கள் இரண்டு உண்டு. காது தரும் செய்தியும் இந்தக் கோடு தரும் செய்தியும் அங்கே சேர்கின்றன. இடப்பக்கம் அதிர்ந்தால் இடது செல் தூண்டப்பட்டு வலப்பக்கத் தசைகளைச் சுருக்கும். உடம்பு வில்லாக வளைந்து, மீன் ஆபத்துக்கு எதிர்ப்பக்கம் பாயும். தங்கமீனில் தூண்டலுக்கும் வளைவுக்கும் இடையே சுமார் 10 மில்லி நொடிதான்.