அப்பாவின் நடைக் கணக்கு

அன்புள்ள ஐயா,

என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினார். போன ஆடியில் இறந்துவிட்டார். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூர் போவார்; திரும்பும்போது நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு சோயாப் புண்ணாக்கு ஏற்றி வருவார். எங்கள் காதுகுத்து, என் நிச்சயதார்த்தம் எதிலும் அவர் இல்லை. வருஷ திதிக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நாலு பக்கம் அச்சடிக்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன். "கடின உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்பதைத் தாண்டி ஒரு வரி வரவில்லை. அவர் பெட்டியில் கணக்கு நோட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. தம்பி எடைக்குப் போடலாம் என்கிறான். நல்ல அப்பாதான். ஆனால் அவரை எனக்குத் தெரியவே தெரியாதோ என்று இருக்கிறது. எப்படி எழுதுவது?

(பெயர் வேண்டாம்)
ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு மகள்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த நோட்டுகளைத் தம்பி கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். நீங்கள் எழுத வேண்டியதில் பாதி அதில்தான் இருக்கிறது.

நாமக்கல், சங்ககிரி பக்கம் டிரைவர்கள் ஒவ்வொரு நடைக்கும், அதாவது லோடு ஏற்றிப் போய்வரும் ஒவ்வொரு பயணத்துக்கும், ஓனரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். டீசல், ஏற்றுகூலி, பஞ்சர், சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். திரும்பி வந்ததும் கணக்கு முடிக்க வேண்டும். அதற்கு எழுதிய நோட்டாகத்தான் இருக்கும். தொகை எல்லாம் சுத்தமான உண்மை என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், ஓனருக்குக் காட்டும் கணக்கு அல்லவா. தேதியிலும் ஊரிலும் பொய் எழுத அவருக்கு அவசியம் இல்லை. அந்த இரண்டையும் மட்டும் தனியாக எடுத்து எழுதிப் பாருங்கள். உங்கள் நிச்சயதார்த்தத்தன்று அவர் எங்கே இருந்தார் என்று தெரிந்துவிடும். ஏதோ ஒரு இடத்தில் நின்றுகொண்டிருந்திருப்பார். லாரி டிரைவர் என்றால் ஓடிக்கொண்டே இருப்பவர் என்று நினைக்கிறோம். அவர்கள் வாழ்க்கையில் பெரும்பகுதி காத்துக் கிடப்பதில் போகிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் இருந்தன. பில்லில் முத்திரை விழ மணிக்கணக்கில் வரிசை. அப்புறம் இந்தூரில் ரிட்டன் லோடுக்குக் காத்திருப்பு. 1,500 கிலோமீட்டருக்கு மேல் காலி வண்டியை ஓட்டி வந்தால் டீசல் காசுக்கே கட்டாது. அதனால் புக்கிங் ஆபீசில் சொல்லி வைத்துவிட்டு, வண்டி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்கிக்கொண்டு கிடப்பார்கள். நோட்டில் காரணமே எழுதாமல் ஐம்பது, நூறு என்று வழியெல்லாம் ஒரு செலவு வந்தால், அது யார் கைக்குப் போனது என்று எந்த டிரைவரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இந்தூருக்கு ஏன் இவ்வளவு ஜவ்வரிசி என்று யோசித்திருக்கிறீர்களா? நாம் பாயசத்தில் போடுவதை மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் விரத நாளில் கிச்சடியாகச் சாப்பிடுகிறார்கள். நவராத்திரிக்கு அங்கே தேவை கூடும். நம் வீடுகளில் ஆயுத பூஜைக்கு அப்பா வரவில்லையே என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் நாட்களில், யார் வீட்டு விரதத்துக்கோ அவர் மூட்டை ஏற்றிப் போயிருப்பார்.

அடுத்தது தொழில். "கடின உழைப்பாளி" என்று எழுதினால் அவர் கைவேலை அதில் காணாமல் போகிறது. ஜவ்வரிசி நனைந்தால் போச்சு. மழையில், காற்றில் அவிழாதபடி தார்ப்பாய் இழுத்துக் கயிறு போடுவதை எல்லாரும் ஒழுங்காகச் செய்துவிட மாட்டார்கள். தர்மபுரி தாண்டி சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறதே, அதில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் பிரேக் ஒன்றுதான் கதி. மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறி, பிறகு பிடிக்காது. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் பாடம். புண்ணாக்கு லோடோடு, வீடு பக்கத்தில் வந்துவிட்டது என்ற அவசரத்தோடு, அந்த இறக்கத்தை அத்தனை வருஷம் பத்திரமாக இறங்கியிருக்கிறார் உங்கள் அப்பா. இதை எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் பெருமையாக எழுத வேண்டாம்: ராத்திரி பகல் தூங்காமல் ஓட்டினார் என்பதை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை; நெடுந்தூரம் என்றாலும் அனுமதி பெற்று 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் கூடாது என்று அது சொன்னது. 1988 மோட்டார் வாகனச் சட்டமும் அதே கணக்கைத்தான் சொன்னது. எந்த ரோட்டில் இது நடந்தது? என்ஜின் சூடு இடது காலில் அடிக்கும் கேபினில் உட்கார்ந்து அவர் ஓய்வு பெற்றார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்குத்தான் ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. அவருக்கு வரவேண்டிய தூக்கத்தை எடுத்துக்கொண்டவர்களைத் தியாகம் என்று சொல்லி நாம் விட்டுவிடக் கூடாது. எனக்கு இதில் கோபம் உண்டு.

அம்மாவிடம் பேசினீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த வீட்டில் அப்பா வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரம் லாரி டிரைவர்களைத்தான் முக்கியமாக நோக்கி நடந்தது. தேவையான வேலைதான். ஆனால் ஊர் அதை வைத்து டிரைவர் குடும்பங்களை ஒரு மாதிரி பார்த்தது. அந்தப் பேச்சு அம்மா காதிலும் விழுந்திருக்கலாம். சொல்ல விரும்பினால் சொல்லட்டும், நோண்ட வேண்டாம்.

அப்பாவிடம் கிளீனராக ஏறி, பிறகு டிரைவர் ஆனவர் யாராவது இருப்பார். உங்களைவிட அதிக நாள் அவரோடு சாப்பிட்டவர். குழம்பு எப்படி வைப்பார், எதற்குத் திட்டுவார், வீட்டைப் பற்றி என்ன பேசுவார் என்று அவரிடம் கேளுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு வராத வருத்தம் உங்களுக்கு இன்னும் இருக்கிறது என்று தெரிகிறது. அதையும் எழுதுங்கள், அவருக்குக் குறைவொன்றும் வராது. நாலு பக்கம் போதாது, எட்டாக்கிக்கொள்ளுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தக் கிளீனருக்கு ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். வழியில் ஊர்களை மாற்றிப் போட்டிருந்தால் அவர்தான் கண்டுபிடிப்பார்.